அக்கா நிற்கும் விதம்

இது அவள்தான், வேறு யார் இப்படி நிற்பாள் என்று நினைக்கிறாள் மலர்கொடி. ஸ்டூடியோ சதீஷ் கொண்டுவந்த படத்தை உப்பள வரப்பில் நின்று பார்க்கிறாள். போன வருஷம், கேமரா வைத்த செல்போன் புதிதாக வந்தபோது, அவன் விளையாட்டாக எடுத்தது. செத்துப்போன அக்காவுக்கு இருக்கிற ஒரே படம். பெரிதாக்கியதில் முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்திருக்கிறது. "மூக்கே தெரியலக்கா. இந்தப் புதுக் கேமரா அஞ்சு மெகாபிக்சல். உனக்கும் அதே ஜாடைதான? உன் மூஞ்சிய எடுத்து அதுல ஒட்டிடறேன்" என்கிறான் சதீஷ். "அவ இருந்தா உன்ன ஒதைப்பா" என்று சிரிக்கிறாள். பாத்திகளின் வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசுகிறது. இங்கே தூரத்து முகம் யாருக்கும் தெரிவதில்லை. உப்பு வாரும் பலகையின் கம்பில் சாய்ந்து, ஒற்றைக் காலில் நின்று, மறு பாதத்தை முழங்காலில் ஊன்றியிருப்பவள்தான் அக்கா என்று அடையாளம் கண்டு, இத்தனை வருஷமும் சோற்றுத் தூக்கோடு அவளை நோக்கி நடந்திருக்கிறாள். படத்திலும் அந்தக் கால் அப்படியே இருக்கிறது. "அன்னிக்கு எடுத்தியே தம்பி, நீ நல்லா இருக்கணும்." சதீஷ் கேமராவை உயர்த்துகிறான். "அப்ப இப்படிப் பாருக்கா, ஒரே நிமிஷம்." அவள் தலையைக் குனிந்துகொண்டு படத்தை அவனிடம் நீட்டுகிறாள். "வேணாம்ப்பா. இப்படியே கண்ணாடி போட்டுக் குடு."