ஆறு மணி முகூர்த்தம்

கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. மணையில் உட்கார்ந்திருந்த என் தம்பியின் கைகள் தாலியோடு அந்தரத்தில் நின்றன.

ஐயர் சொன்னபடி மணப்பெண் தமிழ்மொழி தலை குனிந்திருந்தாள். அவளுடைய கழுத்து தம்பியின் கண்ணுக்கு எட்டவில்லை. மாலை வேறு மறைத்தது.

அவனால் குனிய முடியாது.

அவனுடைய முதுகெலும்பு கணுக்கணுவாக ஒட்டிக்கொண்டு வருகிறது. விட்டால் மூங்கில் மாதிரி ஆகிவிடும் என்று திருச்சி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசி போட்டுக்கொண்டால் பகலெல்லாம் ஓடியாடி வேலை பார்ப்பான். காலையில் மட்டும் உடம்பு மரக்கட்டை. கழுத்து வரைக்கும் இளக ஒன்பது மணியாகும்.

முகூர்த்தமோ ஆறு மணிக்கு.

இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. பெண்வீட்டாரும் கேட்கவில்லை. பெண்ணின் அப்பா பாலசுந்தரம் பார்க்க வந்த அன்றைக்கே மயங்கிவிட்டார்.

"மாப்ள என்னா நிமிந்த நடை! பட்டாளத்துல இருந்தவராட்டம்ல இருக்காரு."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடினேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஜெயங்கொண்டத்தில் இன்னும் சரியாக விடியவில்லை. மண்டபத்து ஜன்னல் வழியே முந்திரிப் பூ வாசம் வந்து ஓமப்புகையோடு கலந்தது. அரைத் தூக்கத்தில் இருந்த கூட்டம் அட்சதையை உயர்த்திப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தது. நாதஸ்வரம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. நேரம் நகரவே இல்லை.

நான் நாத்தனார். பெண்ணுக்குப் பின்னால் நின்று, அவன் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நான் போட வேண்டும். மூன்றையும் நானே போடுகிறேன், நீ சும்மா கையை வைத்திரு என்று படித்துப் படித்துச் சொன்னேன். வீம்புக்காரன். முதல் முடிச்சு என்னுடையது என்றுவிட்டான்.

தாலிக்கயிறு அவள் காதில் பட்டது. பிறகு மல்லிகைச் சரத்தில் மாட்டியது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாப்பிள்ளைக்கு என்ன கோளாறு என்று ஒரே ஒருவர் எழுந்து கேட்டால் போதும். தம்பியின் கல்யாணம் அதோடு முடிந்தது.

அப்போது தமிழ்மொழி எழும்பினாள்.

முழுதாக எழுந்திருக்கவில்லை. மணையின் மேல் முழங்காலிட்டு, உடம்பை நேராக்கி, தலையை நிமிர்த்தினாள். அவளுடைய கழுத்து அவன் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. கழுத்தை நீட்டுவது என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"இந்தா புள்ள, என்னா அவ்ளோ அவசரம்? தலய குனி" என்று அவளுடைய அத்தை ஆண்டாயி அதட்டினாள். மண்டபமே சிரித்தது. அவள் அசையவில்லை.

தம்பி நிதானமாக முடிச்சைப் போட்டான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அம்மா போட்ட தடையை மீறி, அந்தத் திருடன் எப்போதோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இனி அவள் உட்கார்ந்துவிடலாம். உட்காரவில்லை. முழங்காலிலேயே நின்றுகொண்டு, திரும்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"அண்ணி, ஒங்களுக்கும் எட்டுதா?"

என் கை நின்றுவிட்டது.

நாலு மாதமாகக் காலையில் கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒருக்களித்துப் புரண்டுதான் எழுந்திருக்கிறேன். பக்கத்தில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. பயத்தில் டாக்டரிடமும் போகவில்லை. நிச்சயதார்த்தத்தில் இவள் கூப்பிட்டபோது, கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்போடு நான் திரும்பியதைக் கவனித்திருப்பாள் போலிருக்கிறது.

எட்டுகிறது என்றேன்.

குனியாமலே இரண்டு முடிச்சையும் போட்டேன்.