ஆள் படுக்கிற அளவு

அவள் சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. தலைமாட்டில் ஆரம்பித்து, தோள், இடுப்பு, கால் என்று அவளைச் சுற்றி ஒருவன் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

"அசையாதீங்கக்கா. கோடு கோணிக்கும்."

"கோணினா என்ன? தூங்குறவன் விறைப்பாவா படுக்கப்போறான்? ஒருக்களிச்சுப் படுக்கவும் இடம் விடு."

"எங்க மாமா ஒருத்தர் லாரி ஓட்டுறார். அவர் படுத்தா கால் பக்கத்து ஊருக்குப் போயிடும்."

"அப்ப கால்மாட்டுல இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு."

நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வரப்போகும் ஓய்விடத்துக்கு அந்த அலுவலகத்தில்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை, கார் நிற்க இடம். பின்பக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் படுத்து எழுந்து போக ஒரு கூடம். அவள் படம் வரைபவள். சாக்பீஸ் பிடித்தவன் இளநிலை என்ஜினீயர். எந்நேரமும் இடுப்பில் அளவு நாடா தொங்குவதால் எல்லோருக்கும் அவன் 'டேப்பு'.

மேலாளர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏம்மா, உன் சைக்கிளை வாசல் நடுவுலதான் நிறுத்தணுமா? அதுவும் ஆம்பிளை சைக்கிள். பின் சக்கரம் மட்டும் பளபளன்னு புதுசு, மிச்சமெல்லாம் துரு. ஒண்ணு முழுசா மாத்து, இல்ல பழைய இரும்புக்குப் போடு."

"ஓடுது சார்," என்றாள், எழாமலே.

அப்போதுதான் அவர் தரையைப் பார்த்தார். "என்னடா இது, கொலை நடந்த இடம் மாதிரி?"

"டிரைவர் கட்டிலுக்கு அளவு சார்," என்றான் டேப்பு.

"அழிச்சுடு. தரையிலயும் அழி, படத்துலயும் அழி. அந்தக் கூடம் வேண்டாம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. அங்க கடை வரிசை வருது. கடைக்காரன் வாடகை தருவான், குறட்டை விடுறவன் என்ன தருவான்? நாளைக்குப் படம் ஒப்புதலுக்குப் போகணும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முதுகில் ஒட்டிய தூசியைத் தட்டவில்லை.

"கூடம் இருக்கட்டும் சார். கடைகளை முன்பக்கமா நெருக்கிப் போடலாம். நான் வரைஞ்சு தர்றேன்."

குரலில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. கழிப்பறைக் குழாய் எந்தப் பக்கம் வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

டேப்பு தலையைக் குனிந்துகொண்டான். வேறு கிளையிலிருந்து அவள் மாற்றலாகி வந்த புதிதிலேயே விஷயம் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாதம் ஒருமுறை வந்து நிற்பாள். "அவரைப் பார்க்கப் போகணும் சார், மதியம் லீவு வேணும்." ஜெயிலுக்குத்தான். லாரி ஓட்டும்போது கண் அசந்து ஓர் ஆளைக் கொன்றுவிட்டு உள்ளே இருக்கிறவர். கல்யாணமான பெண் வாயில் 'அவர்' என்று வந்த பிறகு யாரும் அதற்கு மேல் துருவவில்லை.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா வீட்டுக் கஷ்டத்தைப் படத்துல வரையாதே."

"கண்ணு சொக்குதுன்னு நாலு இடத்துல வண்டியை ஓரங்கட்டப் பார்த்திருக்கார் சார். ஹோட்டல்ல விரட்டிட்டாங்க, பங்க்ல விரட்டிட்டாங்க. எங்கயாவது ஒரு மணி நேரம் படுக்க விட்டிருந்தா அன்னிக்கு ஒரு உயிர் போயிருக்காது."

"யாரு சொன்னா?"

"அவர்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு. போறப்பல்லாம் அதையேதான் சொல்றார்."

"மாட்டிக்கிட்டவன் வேற என்ன சொல்லுவான்?"

"சார், விடுங்க சார்," என்றான் டேப்பு.

"நீ சும்மா இருடா." மேலாளருக்குச் சூடேறிவிட்டது. "ஓரமா சைக்கிள்ல போயிட்டிருந்தவனைப் பின்னாலிருந்து ஏத்திக் கொன்னிருக்கான். அந்த மாதிரி ஆளுங்களுக்குக் கட்டில், மெத்தை, ஃபேன். செத்தவன் பொண்டாட்டி காதுல இது விழுந்தா அவ வயிறு எரியாது?"

அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

"ஒண்ணு பண்ணு," என்றார் மேலாளர். "நேரா அந்தப் பொம்பளைகிட்ட போ. டிரைவருங்க தூங்க இடம் கட்டலாமான்னு கேளு. அவ மட்டும் சரின்னு சொல்லட்டும், கூடம் இருக்கட்டும். மேலிடத்துல நான் பேசிக்கிறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே சார்?"

"மாற மாட்டேன். இவன் சாட்சி. ஆனா அவ சொல்ல மாட்டா. எவளும் சொல்ல மாட்டா."

அவள் டேப்பு கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். குனிந்து, கால்மாட்டில் விட்டுப்போயிருந்த கோட்டைச் சேர்த்து முடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நான் சரின்னுதான் சார் சொல்றேன்."