பதினாலு தப்படி

"நீங்க போய்ட்டு வாங்கடா. பையெல்லாம் இங்கேயே வெச்சிடுங்க, நான் பாத்துக்கறேன்," என்றார் துரைராஜ்.

"இதைச் சொல்லத்தான் ஆயிரத்துச் சொச்சம் படி ஏறி வந்தியா?" என்றார் பாண்டுரங்கன். "குற்றாலத்துல பை, கொடைக்கானல்ல பை, ஒகேனக்கல்ல எங்க செருப்பு. இங்கயுமா?"

துரைராஜ், பாண்டுரங்கன், சுந்தரமூர்த்தி மூவரும் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரே ஆபீசில் ஃபைல் புரட்டி ஓய்வு பெற்றவர்கள். வருடத்துக்கு ஒரு டூர். எந்த ஊரானாலும், உயரமான இடம் வந்ததும் துரைராஜின் காலுக்கு நடுக்கமும் தோளுக்கு மற்றவர்களின் பைகளும் வந்து சேர்ந்துவிடும். பத்து வருடப் போட்டோக்களில் ஒன்றில்கூட அவர் இல்லை. "தாத்தா, நீ நெஜமாவே டூர் போனியா?" என்று பேத்தி பிரீத்தி போன மாதம் கேட்டுவிட்டாள். செஞ்சிக் கோட்டை உச்சியில் நின்று ஒரு போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை என்று அன்றே சபதம் போட்டார்.

சபதம் போட்டபோது அவர் இந்தப் பிளவைப் பார்த்திருக்கவில்லை.

செஞ்சியின் ராஜகிரிக் குன்று உச்சிக்குச் சற்று முன்னால், பூசணிக்காயை வெட்டிப் போட்டதுபோல் மலை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பக்கம் கோட்டை வாசல். இந்தப் பக்கம் துரைராஜ். நடுவே ஒரு மரப்பாலம். அறுபது அடி ஆழம் என்கிறார்கள். அளந்தவன் மகா கஞ்சனாக இருக்க வேண்டும். துரைராஜ் கணக்கில் ஆறாயிரம் அடி. உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டு, பஜாருக்கு இறங்கி டீ குடித்துத் திரும்பினால்தான் சத்தம் கேட்கும். அடியிலிருந்து ஏறி வந்த காற்று அவர் வேட்டியைப் பிடித்து, 'வர்றியா' என்றது.

நண்பர்கள் இருவரும் கடைத்தெருவில் நடப்பதுபோல் பாலத்தைக் கடந்துவிட்டார்கள். துரைராஜ் மூன்று முறை காலை வைத்தார். நான்கு முறை எடுத்தார்.

"விடுடா, அவன் பைக்குன்னே பொறந்தவன்," என்றார் சுந்தரமூர்த்தி. இருவரும் வாசலுக்குள் போய் மறைந்தார்கள். அந்தச் சொல் துரைராஜைச் சுருக்கென்று தைத்தது.

"இன்னா சார், வரதும் போறதுமா இருக்கீங்க?"

பின்னால், கையில் துடைப்பத்தோடு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி. ஆதிலட்சுமி. தொண்டூரிலிருந்து தினமும் வந்து, மலை உச்சி வரை பெருக்கிவிட்டு இறங்குகிறவள்.

"ஒண்ணுமில்லம்மா. பாலம் உறுதியா இருக்கான்னு பாத்தேன்."

"பாலம் நல்லாத்தான் இருக்குது. உங்க காலுதான் டான்ஸ் ஆடுது."

"நீ தெனம் இதத் தாண்டுறியா?"

"போவ ஒருவாட்டி, வர ஒருவாட்டி. பதினோரு வருசமா."

துரைராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லி உடம்பு, ரப்பர் செருப்பு, இடுப்பில் செருகிய முந்தானை. இந்தப் பாதாளத்தின் மேல் ஆயிரக்கணக்கான தடவை நடந்தவள். இந்தக் கோட்டையை ஆண்ட ராஜாக்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து இவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"என்னயும் கூட்டிட்டுப் போறியாம்மா?"

"வாங்க. என் கைய கெட்டியா புடிச்சிக்கோங்க. கண்ண மூடிக்கோங்க. பதினாலு தப்படி. நான் எண்ணிக்கினே வரேன். நடுவுல பேசக் கூடாது."

மூன்று பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு கையைப் பிடித்தார். கண்ணை மூடினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பாலம் முனகியது. கீழே மலை மூச்சு விடுவது உள்ளங்காலில் தெரிந்தது. பூமி தன்னைக் கைவிட்டுவிட்டது, இந்தக் காய்ப்பு ஏறிய கை ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஏழு... எட்டு..."

"பாதி வந்துட்டமா?"

அவள் சட்டென்று நின்றாள். "பேசாதீங்கன்னு சொன்னேன் இல்ல? இப்ப எட்டா, ஒம்போதா?"

"எட்டுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?" ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. "சரி, வா நைனா. எட்டுன்னே வெச்சிக்கலாம்."

"பதிமூணு... பதினாலு." கால் இன்னும் பலகையில்தான் இருந்தது. "பதினஞ்சு," என்றாள் சன்னமாக.

அடுத்த அடியில், காலுக்குக் கீழே கல்.

துரைராஜ் போட்ட கூச்சலில் நண்பர்கள் ஓடிவந்தார்கள். பாண்டுரங்கன் வாயைத் திறந்தபடியே போட்டோ எடுத்தார். கீழே கல்யாண மகால் தீப்பெட்டியாகவும், ஏரிகள் கண்ணாடிச் சில்லுகளாகவும் கிடந்தன. வடக்கே இமயமலைகூடத் தெரிந்ததாகத் துரைராஜ் பிற்பாடு ஊரில் சொல்லப் போகிறார்.

அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, தான் தாண்டி வந்த பிளவை மெல்ல எட்டிப் பார்த்தார். நேரம் போனது தெரியவில்லை. இவ்வளவு பெரிய வாய், தன்னை விழுங்காமல் விட்டிருக்கிறது.

"இன்னிக்கு எனக்குக் கண்ணா இருந்தவ நீதாம்மா," என்றார். "இங்க வந்து பாரு, எவ்வளவு ஆழம்."

ஆதிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி பின்னால் போனாள். "ஐயோ, வேணாம் சார், எனக்குத் தல சுத்தும். பதினோரு வருசமா நானும் கண்ண மூடிக்கினுதான் தாண்டறேன், அதுக்குத்தான எண்ணுறதே."