வலது பக்கக் கதவு

"இந்த மாசத்துல இது பதினொண்ணாவது ஆள்! அந்த டாக்டருக்கு இடது எது, வலது எதுன்னு யாராவது சொல்லிக் கொடுங்கப்பா!"

புரதம்மா போட்ட சத்தத்தில் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குழாய்களே கிணுகிணுத்தன.

புரோட்டீனை ஆராய்கிறவர் என்பதால் அந்த ஆராய்ச்சி ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக்காரர்கள் வைத்த பெயர் அது. படியேறி வந்தால் வலது கதவு அவருடையது. இடது கதவு மனசு டாக்டருடையது. அலுவலகம் இரண்டிலும் ஒரே பலகையை மாட்டிவிட்டது: 'கோளாறு ஆய்வுப் பிரிவு.'

"அவர் பார்க்கிற கோளாறு வேற, நான் பார்க்கிற கோளாறு வேற சார்!" என்று புரதம்மா நடையாய் நடந்து பார்த்துவிட்டார்.

"கோளாறுன்னா கோளாறுதானேம்மா," என்றார் மேலாளர், ஒரு கொட்டாவிக்கும் இன்னொரு கொட்டாவிக்கும் நடுவில்.

இன்று விடுவதாக இல்லை. 'மனசு டாக்டரை வேறு மாடிக்கு மாற்றவும்' என்று புகார் தயார். மூன்று மணிக்கு இயக்குநரைப் பார்க்க நேரமும் வாங்கியாகிவிட்டது. கையெழுத்துப் போடப் போகிற நேரம் பார்த்து, கதவில் இந்தப் பதினொன்றாவது ஆள்.

ஆறடி உயரம். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். கையில், வாசல் காவலாளி கொடுத்த கசங்கிய துண்டுக் காகிதம். லிப்ட் ரிப்பேர்க்காரராம். ஆனால் மூன்று மாடியும் படியேறியே வந்திருந்தார்.

"கோளாறு பார்க்கிற இடம் இதுதானேம்மா?"

"எதிர்க் கதவு!"

அவர் எதிர்க் கதவைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது.

"அப்ப இன்னொரு நாள் வரேன்மா."

"வந்தது வந்துட்டீங்க, பார்த்துட்டுப் போங்களேன்!"

"மூணு தடவை வாசல் கேட்டோட திரும்பிட்டேன். இன்னைக்குத்தான் மாடி வரைக்கும் ஏறினேன். ஒரு போல்ட்டை நாப்பது தடவை இறுக்கிப் பார்க்கிறேம்மா. இறுகிடுச்சுன்னு தெரியும், கை கேட்காது. இன்னைக்கு டாக்டர்கிட்ட காட்டலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதேன்னுட்டார் முதலாளி. காட்டினா, கோளாறு ஆளுன்னு எழுதிடுவாங்க. கெட்டுப்போன சாமானை யாரும்மா வெச்சுக்குவா?"

பேனாவை 'டக்'கென்று மேஜையில் வைத்தார் புரதம்மா.

"கோளாறுன்னா கெட்டுப்போனதுன்னு எவன்யா சொன்னான்? உட்காருங்க!"

உட்கார்ந்துவிட்டார்.

"புரோட்டீன்னா இஸ்திரி போட்டு மடிச்ச சட்டை மாதிரி ஒழுங்கா இருக்கணும்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. என்னோடது மடியவே மடியாது. பிரிஞ்ச நூல் மாதிரி நெளிஞ்சுக்கிட்டே கிடக்கும். 'சாம்ப்பிள் கெட்டுப்போச்சும்மா, கொட்டிடும்மா'ன்னார் என் பழைய புரொபசர்." அந்த மூக்கடைத்த குரலை அச்சு அசலாக எடுத்துவிட்டார். "நான் கொட்டலை. ஏன் தெரியுமா? ஒரே உருவத்துல நிக்காததாலதான் அது பத்துப் பேரோட சேர்ந்து பத்து வேலை பார்க்குது! எங்க பக்கம் கோளாறுன்னா அதுதான்!"

"வம்பு ஏதும் பண்ணாதாம்மா?"

"பண்ணும். சில நேரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கட்டியாயிடும். அப்படி ஆகாம பார்த்துக்கத் துணைக்குன்னே வேற புரோட்டீன் இருக்கு. கண்ணுக்கே தெரியாத அதுவே துணை வெச்சுக்கக் கூச்சப்படலை. ஆறடி ஆள், உங்களுக்கென்ன?"

ரிப்பேர்க்காரர் சிரித்துவிட்டார். எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நாலே எட்டில் எதிர்க் கதவு. ஒரே ஒரு தடவைதான் தட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், புரதம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"லிப்ட் போல்ட்டை இன்னும் நம்பலைம்மா! ஆனா அடுத்த செவ்வாய்க்கிழமை வரேன்! முதலாளிகிட்ட காட்ட சீட்டும் வாங்கியாச்சு!"

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். சீழ்க்கைச் சத்தம் வாசல்வரை கேட்டது.

அவர் விட்டுப்போன துண்டுக் காகிதம் மேஜையில் கிடந்தது. மனசு டாக்டரின் கையெழுத்து. 'மூன்றாவது மாடி, வலது பக்கக் கதவு.'

புரதம்மா அதைத் தூக்கிக்கொண்டு எதிர் அறைக்குள் புயலாக நுழைந்தார்.

"உங்க கதவு எந்தப் பக்கம் சார்?"

"இடது மேடம்," என்றார் டாக்டர், பஞ்சைப் பிரிப்பது போன்ற குரலில்.

"தெரிஞ்சேவா வலதுன்னு எழுதறீங்க?"

"வாசல்ல கொடுக்கிற காகிதத்துல இடதுன்னு எழுதினப்ப, பத்துல ஏழு பேர் வெளி நாற்காலியிலேர்ந்தே ஓடிட்டாங்க. ஒரு நாள் ஒருத்தங்க தவறி உங்க ரூமுக்கு வந்துட்டாங்க. நீங்க திட்டி, புரோட்டீன் கதை சொல்லி அனுப்பினீங்க. தலையை நிமிர்த்திக்கிட்டு உள்ள வந்தாங்க. எங்க பக்கம் கோளாறுன்னா வலி, வைத்தியம் வேணும். கெட்டுப்போனதுன்னு அர்த்தமில்லை. ஆனா அதை நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்கிறாங்க. நீங்க கோபமா சொல்றீங்களா, நம்பிடறாங்க."

"இந்தப் பதினோரு பேர்ல எத்தனை பேர் ஓடினாங்க?"

"ஒருத்தர்கூட இல்லை மேடம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா கோபமா திட்டியிருக்க மாட்டீங்க, பாடம் எடுத்திருப்பீங்க."

மணி மூன்று.

"என்னம்மா புகார்?" என்று கர்ஜித்தார் இயக்குநர்.

புரதம்மா கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

"வர்றவங்க வழி தெரியாம தடுமாறுறாங்க சார். மாடிப்படி ஏறின உடனே பெரிசா ஒரு அம்புக்குறி போடணும். வலது பக்கமா!"