மேற்கே போகும் தண்ணீர்

அந்தப் பாறைத்தீவில் பிணம் புதைக்க மண் கிடையாது. இரண்டு கடல்களுக்கு நடுவே ஓடும் நீரோட்டத்தில் பாயில் சுற்றி விட்டுவிடுவார்கள். அது மேற்குக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். விட்டவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடலைப் பார்த்து உட்கார்ந்து துடுப்பு வலிப்பவன்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் வலிப்பான்.

ஞானப்பூ தன் புருஷனின் உடலை விட்டபோது, எப்போதும் சில்லென்றிருக்கும் கடல்தண்ணீர், வீட்டில் அவனைக் குளிப்பாட்டிய வெந்நீரைப் போலவே கையில் சுட்டது. பதறிப்போய்க் கரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எதிரே தம்பி மிக்கேல் துடுப்பு வலித்தான்.

பாதி வழியில் அவள் முதுகுக்குப் பின்னால் எதுவோ படகை மெல்ல இடித்தது. மிக்கேல் கண்ணைத் திறந்துவிட்டான்.

“ஓட்டம் இங்கிட்டுத் திரும்பிடுச்சுக்கா. நீ பாக்காத.”

“உங்க அத்தானாடா?”

மறுபடியும் இடித்தது. பிறகு இரு பக்கமும் இடித்தது.

“அத்தான் மட்டும் இல்லக்கா.”