ஓட்ட மாவுப்பூச்சி

"இலையை அப்படியே அந்தப் பக்கமாப் பிடி தாயி. கடைக்குள்ள உதறிடாத."

மொக்கச்சாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். கொய்யா இலையின் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக நாலைந்து பூச்சிகள்.

"அண்ணே, இது வந்து..." என்று ஆரம்பித்தாள், இலையைக் கொண்டுவந்திருந்த கலையரசி.

"நீ சொல்லவே வேணாம். மாவுப்பூச்சி."

போடியில் பூச்சிமருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் பூச்சிக்குப் பேர் சொல்கிறவர் தான் ஒருவர்தான் என்பது மொக்கச்சாமியின் எண்ணம். மருந்துக் கம்பெனி ஒன்று மதுரை ஓட்டலில் ஒருநாள் பயிற்சி நடத்திக் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். பிரியாணிக்கு முந்திய வகுப்பெல்லாம் இன்னும் ஞாபகம் இருந்தது. வருகிற ஆட்களின் முகம் மறந்துபோகும், பூச்சியின் முகம் மறக்காது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"மாவுப்பூச்சி இப்படி ஓடாதுல்லண்ணே. இது வெரசா ஓடுது பாருங்க."

ஒரு வெள்ளைப் பூச்சி நிஜமாகவே இலை நரம்போரமாக விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. மொக்கச்சாமி இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. அது வெளியே தெரிவதற்குள் சமாளித்துக்கொண்டார்.

"அதான் சொல்ல வர்றேன், இது புது ரகம். கேரளாவுல இருந்து ஜீப்புல ஏறி, போடிமெட்டு வழியா இறங்கியிருக்கு. பழைய பூச்சி உக்காந்த எடத்துல திங்கும். இது நடந்து போயித் திங்கும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிலமலை விவசாயி பால்ராஜ் எழுந்து வந்தார்.

"இதுக்குப் பேரு இருக்காண்ணே?"

"இருக்கு. ஓட்ட மாவுப்பூச்சி" என்றார் மொக்கச்சாமி. அந்த நொடியில் வைத்த பெயர் அவருக்கே பிடித்துப் போயிற்று.

கலையரசி பயந்தவளாகத் தெரியவில்லை. அதுதான் மொக்கச்சாமிக்குப் பிடிக்கவில்லை.

"இன்னைக்கு உன் வீட்டுக் கொய்யா. நாளைக்குப் பக்கத்து வீடு. அடுத்த மாசம் மலை மேல ஏலத்தோட்டம் பூரா இதுதான். எத்தனை பேரு பொழப்பு, யோசிச்சுப் பாரு."

"பக்கத்து வீட்டு மகாராணியக்காவும் இதைக் கேட்டுத்தான்..."

"பாத்தியா, பரவிருச்சு."

பால்ராஜ் இலையைக் கூர்ந்து பார்த்தார். "அட, இதேதாண்ணே. எங்க சீத்தா மரத்துல ஓடுச்சே."

"நான் குடுத்த மருந்துல செத்துச்சா இல்லையா? நீங்களே அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்க."

"இது ஒண்ணு மிச்சமில்லாமச் செத்துருச்சு. ஆனா ஓடாத பூச்சி இருக்குல்ல, அது ரெண்டு பங்கா ஆயிருச்சு. அதுக்குத்தான் வந்தேன்."

"அது வேற பூச்சி. அதுக்கு வேற மருந்து."

மேல்தட்டிலிருந்து பெரிய பாட்டில் ஒன்று இறங்கியது. பால்ராஜ் திருநீறு வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்து கலையரசிக்கு முன்னால் இரண்டு பாட்டில்கள் வந்து உட்கார்ந்தன.

"நீலத்துல ரெண்டு மூடி, சிவப்புல ஒரு மூடி. கலந்து காலையில அடிச்சிட்டு உன் சோலியைப் பாரு. பொழுதடையறதுக்குள்ள இதுல ஒண்ணு உசுரோட இருக்காது."

"எல்லாமே செத்துருமாண்ணே?"

இப்போதுதான் அவள் முகத்தில் கலக்கம் வந்தது. மொக்கச்சாமிக்குத் திருப்தியாக இருந்தது.

"குஞ்சு குளுவான் கூடத் தப்பாது. அதுக்கு நான் கேரண்டி."

கலையரசி இலையை வெடுக்கென்று இழுத்துப் பாலித்தீன் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

"மருந்தெல்லாம் வேணாம்ணே. போன மாசம் நீங்கதான 'மாவுப்பூச்சியைத் திங்கிற நல்ல வண்டு, மரத்துல விடு'ன்னு ஒரு டப்பா குடுத்தீங்க. இது அந்த வண்டுக போட்ட குஞ்சு. மரமே சுத்தமாயிருச்சு, உங்களுக்குக் காட்டிட்டு மகாராணியக்காவுக்கும் ஒரு டப்பா வாங்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."