மதில் இல்லாத வாசல்

வடக்கே ஷான்லூ வட்டம் எதிரி கையில் விழுந்ததும், அதன் அதிகாரி லூ ஷென் பிழைத்த ஜனங்களோடு ஆற்றைக் கடந்து தெற்கே வந்துவிட்டார். அங்கே ஒரு சாண் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் புறம்போக்கு வெளியில் பெரிய வாசல்கால் ஒன்றை நட்டு, மேலே ‘ஷான்லூ வட்டம்’ என்று பலகை மாட்டினார். மதில் கிடையாது, இரண்டு பக்கமும் வெறும் புல். ஜனங்கள் மட்டும் வாசல் வழியாகத்தான் போய்வந்தார்கள்.

ஒருநாள் தெற்கு வட்டத்தின் அதிகாரி காவ் யிங், கோடரிக்காரர்களோடு குதிரையில் வந்தார். “மண்ணே இல்லாம எங்கய்யா வட்டம்? இன்னிக்கே வெட்டிச் சாய்க்கிறேன்!” என்று தூரத்திலேயே கத்தினார். லூ ஷென் வாசலுக்கு உட்பக்கம் வந்து நின்றார்.

அடுத்த வட்டத்துக்குள் நுழையும் அதிகாரி, வாசலில் குதிரையை விட்டு இறங்கித் தலை தாழ்த்தி நடந்து வருவது அந்நாட்டு வழக்கம். வாசலை நெருங்கியதும் காவ் யிங் இறங்கினார். தொப்பியைச் சரிசெய்தார். தலை தாழ்த்தி உள்ளே காலெடுத்து வைத்த பிறகுதான் திடுக்கிட்டு நின்றார். பின்னால் கோடரிக்காரர்களும் குனிந்தபடி வந்துகொண்டிருந்தார்கள்.

“ஷான்லூவுக்கு வாங்கய்யா,” என்றார் லூ ஷென்.

குதிரை மட்டும் புல்லை மேய்ந்தபடி வாசலைச் சுற்றிக்கொண்டு வந்தது.